அறிவித்தல் பலகைக்கு எதிர் வீடு: முதியோர் கொடுப்பனவுகள் பற்றி யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 ஜனவரிக் கடைசியில் எங்கள் ஊரில் 78 வயது முதியவர் ஒருவர் காலமானார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்து, இரண்டரை ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். மனைவியும் மணமாகாத மகளும் மாறிமாறிப் பராமரித்தார்கள். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியச் சாப்பாட்டின்போது, அயலூரில் கிராம அலுவலராக இருக்கும் உறவினர் ஒருவர் மகளிடம் சாதாரணமாகக் கேட்டார்: "அப்பாவுக்கு எந்தக் காசு வந்துகொண்டிருந்தது? முதியோர் காசா, மாற்றுத்திறனாளி காசா?" இரண்டும் வரவில்லை. விண்ணப்பிக்கவும் இல்லை. "அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது" என்றார் மகள்.

நான் இலையைப் பார்த்தபடி இருந்தேன். அந்த வீட்டுப் படலையைத் திறந்தால் எதிரே தெரிவது எங்கள் சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகை. 2024 தொடக்கத்தில் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் கோரியபோது அந்த அறிவித்தலை அங்கே ஒட்டியவன் நான். தாள் மஞ்சளாகிச் சுருளும்வரை அது அந்த வீட்டைப் பார்த்தபடியே இருந்தது.

நான் தபாலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், நிலையத்தின் செயலாளர். என்னோடு இந்த வேலையில் இருவர் சேர்ந்தார்கள்: ஒருவர் முன்பள்ளி ஆசிரியை, மற்றவர் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இளம்பெண். மார்ச் முதல் ஒக்டோபர் வரை நாங்கள் செய்ததும் செய்யத் தவறியதும் கீழே உள்ளன. ஊரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எவை இருந்தன

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதானவர் முதியவர். பிரதேச செயலகம் ஊடாக அவர் முதியோர் அடையாள அட்டை பெறலாம். வருமானம் குறைந்த, 70 வயது கடந்தவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகியது. வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்கும் உரியது 7,500 இலிருந்து 10,000 ஆகியது. இவற்றுக்கு அப்பால் மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் பொதுசன மாதாந்த உதவிப்பணம், சக்கர நாற்காலி போன்ற துணைக்கருவிகள், பிள்ளைகள் கைவிட்டால் முறையிடுவதற்குப் பராமரிப்புச் சபை, போக்கிடமே இல்லாதவர்களுக்குக் கைதடி அரச முதியோர் இல்லம் என்று பல வழிகள் இருக்கின்றன.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மேசை. கிராம அலுவலர், சமூக சேவை உத்தியோகத்தர், முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், அஸ்வெசும வேலையைப் பார்ப்பவர் என்று நான்கு பேரையாவது தெரிந்திருக்க வேண்டும். அரச சேவையில் பல ஆண்டுகள் இருந்த எனக்கே எது யாரிடம் என்பது சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

முதல் முயற்சி

மார்ச் மாதத்தில் நாங்கள் செய்தது, இத்தகைய வேலையில் எல்லோரும் முதலில் செய்வதுதான். புதிய துண்டுப்பிரசுரம் அச்சடித்தோம். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கைகள் எல்லாம் சுற்றினோம். சனிக்கிழமை பின்னேரம் நிலையத்தில் கூட்டம் வைத்தோம்; தேநீரும் வடையும் கொடுத்தோம்.

மண்டபம் நிறைந்தது. எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது. வரவுப் பதிவை அன்றிரவு எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும். பென்சன் எடுப்பவர்கள். ஆண்டுதோறும் தவறாமல் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கப் பழகியவர்கள். இந்தக் கொடுப்பனவுக்கு உரித்தில்லாதவர்கள். கேள்விகளும் அவர்களிடமிருந்தே வந்தன, பெரும்பாலும் நிரந்தர வைப்பு வட்டியைப் பற்றி. உரித்துடையவர்கள் என்று நாங்கள் நினைத்தவர்களில் மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவரும் கடைசி வரிசையில் இருந்தார்கள், வாய் திறக்கவில்லை.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு மூதாட்டி பின்னர் சொன்னது எனக்கு மறக்காது. ஓட்டோ வந்தால் யாருடைய செத்தவீடு என்று மட்டும் காதுகொடுப்பாராம். செத்தவீடு இல்லையென்று தெரிந்ததும் திரும்பவும் அடுப்படிக்குப் போய்விடுவாராம்.

வீடுகளில் கண்டவை

ஏப்ரல் புதுவருடம் கழிந்ததும் கூட்டங்களை விட்டுவிட்டு மூவரும் சைக்கிளில் வீடுவீடாகப் போனோம். போன முதல் வாரத்திலேயே, "தெரியாது" என்ற ஒரு சொல்லுக்குள் பல வேறு விடயங்கள் இருப்பது தெரிந்தது.

முதலாவது, பெயர். பொதுசன உதவிப்பணத்துக்கு எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக வழங்கும் பெயர் "பிச்சைச் சம்பளம்". அலுவலகத்திலிருந்து வரும் எந்தக் காசையும் பழைய ஆட்கள் அந்தப் பெயருக்குள்தான் போடுகிறார்கள். தோட்டம் செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "பிச்சைச் சம்பளம் எடுக்கிற அளவுக்கு நான் வந்துவிட்டேனா, தம்பி?" அவருக்குக் கொடுப்பனவு இருப்பது தெரியும். தொகைகூடத் தெரியும். தெரியாதது, அது அவருக்கும் உரியது என்பது.

இரண்டாவது, வயது. "70 வயதுக்கு மேற்பட்டோர்" என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும் என்று நினைத்திருந்தோம். பலர் தங்கள் வயதை எண்ணிக்கையாக வைத்திருப்பதில்லை. ஒரு பெண்மணி, 1964 புயல் அடித்தபோது தான் பள்ளிக்கூடத்தை விட்டுப் புகையிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவருடைய அடையாள அட்டையோ அவர் 1958 இல் பிறந்ததாகச் சொல்கிறது. ஆறு வயதில் யாரும் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கப் போவதில்லை. பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால், 1995 ஒக்டோபர் 30 இரவு போரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது விட்டுவிட்டு வந்த தகரப் பெட்டிக்குள் இருந்தது என்றார்.

மூன்றாவது, வீடு. எங்கள் ஊரில் பெரிய கல்வீட்டில் இருப்பவர் வசதியானவர் என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கட்டிய வீட்டில், ஒரு அறையைத் தவிர மற்றவற்றைப் பூட்டிவிட்டு, தாய் காவலுக்கு இருப்பார். காசு வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. அஸ்வெசும தெரிவில் வீடும் சொத்தும் கணக்கில் வருகின்றன. இப்படி இரண்டு பேர் முன்னரே விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டிருந்தார்கள். மேன்முறையீடு செய்யலாம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை, அல்லது சொன்னது காதில் ஏறவில்லை.

நான்காவது, வீட்டில் யார் வாசிக்கிறார் என்பது. துண்டுப்பிரசுரத்தைப் படலையில் வாங்கியவர் மருமகளோ பேரனோ. அது தொலைபேசிக் கட்டணச் சிட்டைகளோடு சுவர் ஆணியில் ஏறிவிடும். அதில் குறிப்பிட்ட ஆளின் கைக்கு அது போகவேயில்லை.

தீர்மானங்கள்

மே மாதத் தொடக்கத்தில் மூவரும் இருந்து பேசி முறையை மாற்றினோம்.

வயதைக் கேட்பதை நிறுத்தினோம். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் காட்டும். ஆகவே, "உங்கள் அட்டை இலக்கம் 55 இலோ அதற்குக் குறைந்த எண்ணிலோ தொடங்குகிறதா?" என்று கேட்டோம். கண் தெரியாதவர்களும் அட்டையை எடுத்து எங்களிடம் நீட்டினார்கள். 55 என்று தொடங்குபவர்களுக்கு அடுத்த மூன்று எண்களையும் பார்க்க வேண்டும். அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். இளம்பெண் இதை ஒரு விளையாட்டைப் போலச் செய்தார். "ஆச்சி, நீங்கள் ஆவணியில் பிறந்திருக்கிறீர்கள்" என்று சொன்னபோது, தன் பிறந்த மாதத்தை முதல்முறையாக அறிந்து சிரித்த ஒருவரும் இருந்தார்.

பெயரை மாற்றினோம். "உதவி" என்ற சொல்லை எடுத்துவிட்டு "முதியோர் கொடுப்பனவு" என்று மட்டும் சொன்னோம். என்னுடைய பென்சனை எடுத்துக்காட்டாக வைத்தேன்: "எனக்கு மாதம் முடிய வருகிறது. நான் பிச்சை எடுக்கிறேனா? நீங்கள் ஐம்பது வருடம் வெங்காயம் நட்டீர்கள், நான் முத்திரை விற்றேன்." இது முழுக்கச் சரியான ஒப்பீடு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஓய்வூதியம் சேவைக்கு உரியது, கொடுப்பனவு வருமானம் பார்த்துக் கொடுப்பது. ஆனாலும் சொன்னேன்.

இடத்தை மாற்றினோம். நிலையத்துக்கு வராதவர்களும் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிறார்கள். நீரிழிவும் பிரஷரும் இல்லாத முதியவரை எங்கள் ஊரில் காண்பது அரிது. கிளினிக் கொப்பி அவர்களுக்குப் பாஸ்போர்ட் மாதிரி. பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அந்தக் கொப்பிக்குள் வைக்கக்கூடிய அளவில் சிறு அட்டை செய்து, பெரிய எழுத்தில் மூன்றே வரி எழுதினோம்: எந்தக் கிழமை, எந்த மேசை, என்னென்ன கொண்டுபோக வேண்டும். முன்பு ஆணியில் ஏறிய தாள் இப்போது அவர்களுடைய சொந்தக் கொப்பிக்குள் போனது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கூடப் போவது. பிரதேச செயலகத்தில் பேசி, மாதம் இரண்டு புதன்கிழமைகளில் எங்கள் ஆட்களை ஒன்றாக அழைத்துவர அனுமதி கேட்டோம். அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவர் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார். ஒரு பட்டியலையும் தந்தார்: எந்தப் பிரதி இல்லாவிட்டால் எந்தப் படிவம் திரும்பும் என்பது. அந்தப் பட்டியல்தான் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி.

காசு கிடைக்கும் என்று யாரிடமும் சொல்வதில்லை, விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் சொல்வது என்றும் முடிவெடுத்தோம். இதை மீறியவன் நான்தான். கீழே வருகிறது.

ஒரு தம்பதி

கணவருக்கு 81, மனைவிக்கு 74. கணவர் பாரிசவாதத்தால் மூன்றாண்டுகளாகப் படுக்கையில். ஒரே மகன் கடல் கடந்து போய் அங்கேயும் நிலையான வேலை இல்லாமல் இருக்கிறார். மனைவிக்கு முழங்கால் வலி. கணவரைப் புரட்டுவதற்கு விடியற்காலையில் அயல்வீட்டுப் பையனைக் கூப்பிடுவார். மூன்று முறை போயும் எங்களை அவர் படலைக்குள் விடவில்லை. "நாங்கள் சுகமாக இருக்கிறோம், பிள்ளை."

நான்காம் முறை முன்பள்ளி ஆசிரியை தனியாகப் போனார். கொடுப்பனவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முருங்கைக்காய் கொடுத்துவிட்டு, முதுகில் படுக்கைப்புண் வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா அழுதுவிட்டார். புண் இருந்தது. மருந்து கட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோக ஓட்டோக்காசும் தூக்கிவிட இரண்டு பேரும் வேண்டும். இரண்டும் இல்லாமல் மஞ்சளும் எண்ணெயும் பூசிக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டில் நாங்கள் கற்றது எல்லாவற்றையும்விட அதிகம். அவருக்கு வேண்டியிருந்தது முதலில் 5,000 ரூபா அல்ல; கணவரை வெளியே கொண்டுபோக ஒரு வழி. ஆகவே வரிசையை மாற்றினோம். முதலில் பிரதேச வைத்தியசாலை வைத்தியரிடம் காட்டிப் புண்ணுக்கு மருந்து. அதே நாளில் மருத்துவச் சான்றிதழ். அதை வைத்துச் சக்கர நாற்காலிக்கு விண்ணப்பம். மாற்றுத்திறனாளி கொடுப்பனவு, மனைவிக்கான முதியோர் கொடுப்பனவு ஆகியவற்றின் படிவங்கள் பிறகு.

இங்கேதான் நான் பிழை விட்டேன். படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, "ஆவணிக்குள் வந்துவிடும், அம்மா" என்று சொல்லிவிட்டேன். தபாலகக் கவுண்டரில் இருந்த காலத்தில் இப்படிச் சொல்லியே பழகியவன். ஆவணி வந்தது, காசு வரவில்லை. பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது என்ற பதில் வந்தது. அதன் பிறகு இரண்டு வாரம் அந்த அம்மா என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார்.

நாற்காலி ஜூலையில் வந்தது. நிலையத்து இளைஞர்கள் விறாந்தைப் படியை உடைத்துச் சீமெந்தால் சாய்வாக்கினார்கள். மூன்றாண்டுக்குப் பிறகு அவர் முற்றத்து வேம்பின் கீழ் இருந்தார். மனைவி அன்று எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் தந்தார், சீனி கூடுதலாகப் போட்டிருந்தார்.

தொடர்ந்து நடந்தவை

முதியோர் அடையாள அட்டை எளிதாகக் கிடைத்தது. விண்ணப்பித்த அனைவருக்கும் வந்தது. கொடுப்பனவு விடயத்தில் சிலருக்கு ஒப்புதல் வந்தது, பலர் காத்திருக்கிறார்கள். பெரிய வீட்டில் தனியே இருந்த இருவரில் ஒருவரின் மேன்முறையீட்டுக்குக் கள ஆய்வுக்கு வந்தார்கள். மற்றவர் மேன்முறையீடு செய்ய மறுத்துவிட்டார். மகனுக்குத் தெரிந்தால் மனம் நோகும் என்றார். புயல் காலத்துப் பெண்மணியின் பிறப்புப் பதிவு தேடியும் கிடைக்கவில்லை. உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அது வந்த பிறகுதான் அடையாள அட்டையைத் திருத்தலாம், அதன் பிறகுதான் மற்றவை.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. மகள் வீட்டில் இருக்கும் ஒரு முதியவர், தனக்கு ஒன்றும் வருவதில்லை என்று எங்களிடம் வந்தார். முன்பு அவர் தபாலகத்தில் கைநாட்டு வைத்துத் தன் கையால் காசு வாங்கியவர். விசாரித்தால், தொகை குடும்பத்தின் அஸ்வெசும வங்கிக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது. மகளிடம் மெதுவாகக் கேட்டோம். அவருடைய குளிசைக்கும் பால்மாவுக்கும்தான் செலவாகிறது என்று கணக்குச் சொன்னார், நம்பக்கூடிய கணக்குத்தான். ஆனால் வெற்றிலைக்குக்கூட மகளிடம் கைநீட்ட வேண்டியிருக்கிறது என்பது அந்த மனிதரின் குறை. அதுவும் நியாயமானதே. மாதம் ஐந்நூறு ரூபா அவர் கையில் கொடுப்பதாக மகள் ஒத்துக்கொண்டார். வங்கி வழியாக அனுப்புவது களவையும் அலைச்சலையும் குறைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. முதியவரின் கைக்கும் காசுக்கும் நடுவே இன்னொருவர் வந்துவிடுகிறார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

பராமரிப்புச் சபையைப் பற்றிச் சொன்ன இரண்டு வீடுகளில் எங்களுக்குக் கதவு மூடியது. "பெற்ற பிள்ளையில் வழக்குப் போடச் சொல்கிறாயா?" என்று ஒரு தாய் கோபித்தார். அவரைப் பிள்ளைகள் உண்மையிலேயே கைவிட்டிருந்தார்கள். சட்டம் அவர் பக்கம் இருக்கிறது, ஆனால் அதை அந்நியர் வாயால் முதல் சந்திப்பில் கேட்க அவர் தயாராக இல்லை.

மீண்டும் செய்தால்

கூட்டத்தை விட்டுவிட்டு நேரே கிளினிக்கில் தொடங்குவோம். துண்டுப்பிரசுரத்துக்குச் செலவழித்ததை ஓட்டோக்காசுக்கு வைப்போம். அலுவலகத்துக்குப் போய்வர ஆகும் செலவுதான் பலரை வீட்டில் நிறுத்தியது. பராமரிப்பவரை முதலில் கேட்போம். படுக்கையில் இருப்பவரைப் பற்றிய படிவங்களில் அவரைப் பார்ப்பவர் ஒரு சாட்சிக் கையெழுத்தாகத்தான் வருகிறார். ஆனால் எந்த வீட்டிலும் எங்களுக்கு வழி திறந்தது அவரிடம் பேசிய பிறகுதான்.

பெயர்ப்பட்டியலை இன்னும் கவனமாக வைத்திருப்போம். ஜூனில் எங்கள் குறிப்புக் கொப்பி ஒரு மாலை முழுவதும் சங்கக்கடை மேசையில் கிடந்தது. அதில் யாருக்கு வருமானம் இல்லை, யாருடைய பிள்ளை காசு அனுப்புவதில்லை என்பதெல்லாம் எழுதியிருந்தது. யார் புரட்டினார்கள் என்பது தெரியாது; அடுத்த வாரம் இரண்டு குடும்பங்கள் தங்கள் படிவங்களைத் திருப்பிக் கேட்டன. கொடுத்துவிட்டோம். இப்போது கொப்பியில் பெயர் இல்லை, வீட்டுக்கு ஓர் எண் மட்டும்.

ஒக்டோபர் 1 முதியோர் தினத்துக்கு நிலையத்தில் விழா வைக்கக் கேட்டார்கள். அன்று புதன்கிழமை, அலுவலக நாள். ஏழு பேரோடு நாங்கள் பிரதேச செயலகத்து வாங்கில் இருந்தோம். வீட்டுக்கிருத்தியத்தன்று பதில் சொன்ன மகளும் வந்திருந்தார். இந்த முறை தாயின் அடையாள அட்டையோடு. அது 50 இல் தொடங்குகிறது.